செங்குத்துப் பாறையில் ஒரு கட்டில்
தொங்கு மேடையின் அமைப்பும் அதில் இயங்கும் விசைகளும்

மலைகளுள் பெரும்பாலானவை சரிவானவை. அவற்றில் ஏறுவோர் மாலைப்பொழுதில் ஏதேனும் ஒரு சமதளத்தைக் கண்டு கூடாரம் அடித்துக்கொள்ள இயலும். ஆனால் சில மலைகளின் முகங்கள் கோட்டை மதில்போல நிமிர்ந்து நிற்பவை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் கேப்பிட்டன் என்னும் பெரும் பாறை அத்தகையது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து அது சுமார் 900 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. அதில் ஏறுவோருள் பெரும்பாலோருக்கு ஒரு பகற்பொழுது போதாது. பல நாட்கள் தேவைப்படுகின்றன. கால் ஊன்றவும் இடமில்லாத சுவரில் இடைப்பட்ட இரவுகளைக் கழிப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடையாகத் தோன்றியதே தொங்கு மேடை. ஆங்கிலத்தில் இதனைப் ‘போர்ட்டாலெட்ஜ்’ என்பர். கையோடு எடுத்துச் செல்லத்தக்க பாறை விளிம்பு என்பது அச்சொல்லின் கருத்து.

இன்று இம்மேடைகள் கடைகளில் விற்கப்படுகின்றன. எனினும் இவை முதலில் தோன்றியவை பெரும் தொழிற்சாலைகளில் அல்ல, மலையேறுவோரின் வீடுகளில்தான். இன்றும் சிலர் குழாய்களையும் துணியையும் வாங்கித் தாமே செய்துகொள்கின்றனர். வேலை பார்வைக்கு எளிது. கயிற்றுக்கட்டில் பின்னத் தெரிந்தவருக்கு இதுவும் எளிதென்றே தோன்றும். ஆயினும் எந்த உறுப்பு இழுக்கப்படுகின்றது, எது அழுத்தப்படுகின்றது, எது வளைக்கப்படுகின்றது என்பதை அறியாமல் செய்த மேடை, மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே கைவிட்டுவிடும்.

தூளியிலிருந்து மேடை வரை

எல் கேப்பிட்டனின் ‘மூக்கு’ எனப்படும் பாதையை வாரன் ஹார்டிங், வெய்ன் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் ஆகிய மூவரும் 1958 ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதலாக ஏறி முடித்தனர். அப்பாதையில் இயற்கையான பாறைத் திட்டுகள் ஆங்காங்கே உள்ளன. திட்டுகள் அரிதான பாதைகளில் ஏற முற்பட்டவர்கள் துணித் தூளிகளைக் கட்டித் தொங்கினர். 1970 ஆம் ஆண்டில் ஹார்டிங்கும் டீன் கால்டுவெல்லும் அதே பாறையின் மற்றொரு பகுதியில் 27 நாட்கள் தங்கியபோது, மேலே மூடிய தூளிகளையே உபயோகித்தனர்.

தூளிக்குச் சில குறைகள் உண்டு. அது உடலை இரு பக்கங்களிலிருந்தும் நெருக்குகின்றது. பாறையோடு சேர்த்துத் தேய்க்கின்றது. மழை நீரைத் தேக்கிக்கொள்கின்றது. ஆகவே 1970-களில் சிலர் மடக்குக் கட்டில்களின் சட்டங்களைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தனர். அம்முயற்சிகளிலிருந்து, துணி விரித்த குழாய்ச் சட்டத்தைப் பட்டைகளால் ஒரே புள்ளியில் தொங்கவிடும் இன்றைய முறை உருவாயிற்று.

1986 ஆம் ஆண்டில், அதே பள்ளத்தாக்கிலுள்ள ஹாஃப் டோம் பாறையின் தென்முகத்தில் ஜான் மிடென்டார்ஃப் என்பவரும் அவருடைய தோழர் இருவரும் குளிர்காலப் புயலில் சிக்கினர். அவர்களுடைய மேடைகள் அப்புயலைத் தாங்கவில்லை. நனைந்து விறைத்த நிலையில் அவர்கள் ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டனர். பின்னர் மிடென்டார்ஃப் தம் நிறுவனத்தின் வாயிலாக உறுதியான சட்டமும் நன்கு மூடும் மழைத்திரையும் கொண்ட மேடைகளை அமைத்தார். இமயமலையின் கார்வால் பகுதியில், மேரு சிகரத்தின் ‘சுறாத் துடுப்பு’ எனப்படும் முகத்தை 2011 ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏறிய கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனன் ஓஸ்டுர்க் ஆகியோரும் தொங்கு மேடையிலேயே இரவுகளைக் கழித்தனர்.

மேடையின் உறுப்புகள்

ஒருவர் படுக்கத்தக்க மேடை சுமார் 180 செ.மீ. நீளமும் 80 செ.மீ. அகலமும் உடையது எனக் கொள்ளலாம். அதன் சட்டம் அலுமினியக் கலவைக் குழாய்களால் ஆனது. குழாய்கள் ஒன்றனுள் ஒன்று செருகிப் பொருந்துவதால், கழற்றி நீண்ட பை ஒன்றில் அடக்கிவிடலாம். சட்டத்தின்மீது உறுதியான நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி இறுக்கிக் கட்டப்படுகின்றது. நான்கு மூலைகளிலிருந்தும் நீண்ட பக்கங்களின் நடுவிலிருந்தும் ஆறு பட்டைகள் மேலெழுந்து ஒரே வளையத்தில் கூடுகின்றன. பட்டைகளின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கிள்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலே மழைத்திரை கவிகின்றது.

துணியின் இழுவிசை

துணி காயவைக்கும் கொடியைத் தளர்வாகக் கட்டினால் சிறு ஆணியும் அதைத் தாங்கும். அதையே விறைப்பாகக் கட்டி ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொள்ளும். சுமை ஒன்றேயாயினும், தொய்வு குறையக் குறைய இழுவிசை பெருகுவதே இதற்குக் காரணம்.

மேடையின் துணியும் இவ்விதிக்கு உட்பட்டது. 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படுத்திருக்கின்றார் என்றும், அச்சுமை முழுவதும் 80 செ.மீ. அகலத்தின் குறுக்கே சீராகப் பரவுகின்றது என்றும் கொள்வோம். துணி நடுவில் 8 செ.மீ. தொய்ந்தால், நீண்ட குழாய் ஒவ்வொன்றையும் அது உள்நோக்கி இழுக்கும் மொத்த விசை 100 கிலோகிராம் எடைக்குச் சமம். தொய்வை 4 செ.மீ. ஆகக் குறைத்தால் அவ்விசை 200 ஆகிவிடும். அதாவது, மேடையில் படுத்திருப்பவரின் எடையைவிட அதிகமான விசை குழாய்களைப் பக்கவாட்டில் வளைக்க முயல்கின்றது. தாமே மேடை செய்வோர் பலர் கீழ்நோக்கிய சுமையை மட்டும் எண்ணி, இப்பக்க விசையை மறந்துவிடுகின்றனர்.

இதற்குப் பரிகாரம், நீண்ட குழாய்களின் நடுவே ஒரு குறுக்குக் குழாயை வைப்பதாகும். சீராகப் பரவிய சுமை ஒரு குழாயை வளைக்க முயலும் திறன், நடுவில் ஒரு தாங்கல் கிடைத்தவுடன் நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. நடுவிலும் பட்டைகள் அமைத்து, மொத்தம் ஆறு பட்டைகளால் தொங்கவிடுவதும் இதே காரணம் பற்றியே. ஆயினும் குறுக்குக் குழாய் முதுகில் உறுத்தக் கூடாதென்று துணியை மிகுதியாக இறுக்கினால் இழுவிசை மீண்டும் பெருகும். உறக்கத்துக்கு வேண்டிய இறுக்கத்துக்கும் குழாய் பொறுக்கும் இறுக்கத்துக்கும் இடையே அளவு காண்பதே செய்வோரின் திறமை.

பட்டைகளும் சுவரும்

பட்டைகள் சாய்வாக மேலெழுவதால் அவை மேடையைத் தூக்குவதோடு நில்லாமல், சட்டத்தை உள்நோக்கி அழுத்தவும் செய்கின்றன. மேடை சுவரைத் தொட்டு நிற்க, தொங்கும் புள்ளி அதற்கு 120 செ.மீ. உயரத்தில் சுவரிலேயே அமைந்தால், வெளி மூலையின் பட்டை ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கும். அப்பட்டை மேல்நோக்கித் தாங்கும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு கிலோகிராம் அளவு கிடையாக உள்நோக்கி இழுக்கும். புள்ளியை 180 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினால் இவ்விழுப்பு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். பட்டைகளைக் கட்டையாகத் தைத்து எடையை மிச்சப்படுத்த நினைப்பவர், அச்சுமையைக் குழாய்களின் தலையில் ஏற்றுகின்றார்.

மேடையின் உட்பக்கக் குழாய் சுவரில் ஊன்றி நிற்கின்றது. சுவரின் எதிர்விசையே மேடையை நிலையாக வைக்கின்றது. எனவே கீழிருந்து மேல்நோக்கி வீசும் காற்று ஆபத்தானது. அது மேடையைப் பட்டம்போலத் தூக்கிப் பட்டைகளைத் தளர்த்தும்; தளர்ந்த சட்டத்தின் மூட்டுகள் கழன்றுவிடக்கூடும். மேடையின் அடியிலிருந்து பாரமான மூட்டையைத் தொங்கவிடுவதும், கீழுள்ள ஒரு பிடிப்புடன் சேர்த்துக் கட்டுவதும் இதனைத் தடுக்கும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

குழாய்கள்: வெப்பப் பதம் செய்து வலுவூட்டப்பட்ட அலுமினியக் கலவைக் குழாயைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அதனைப் பற்றவைத்தால், வெப்பம் பட்ட இடத்தில் பதம் கெட்டு வலிமை பெரிதும் குறைந்துவிடும். ஆகவே வீட்டில் செய்வோர் மூட்டுகளைப் பற்றவைக்காமல், குழாயினுள் குழாய் செருகி அமைப்பதே நன்று. மிகுதியாக வளையும் நடுப்பகுதியில் துளையிடலாகாது.

மூட்டுகள்: நான்கு பக்கச் சட்டம் தன்னளவில் உறுதியற்றது, மூலைகள் தளர்ந்தால் அது சாய்சதுரமாகக் கோணிக்கொள்ளும். துணியைச் சட்டத்தின் அளவைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி, ஒரு முனையில் கயிறு கோத்து இறுக்கும்படி அமைத்தால், அவ்விறுக்கமே மூலைகளை அழுத்திப் பிடித்துக் கோணலைத் தடுக்கும். நைலான் நனைந்தால் நீண்டு தொய்வது. எனவே மழையிலும் கட்டிலிலிருந்து இறங்காமலே இறுக்கத்தக்கதாக அக்கயிறு அமைதல் வேண்டும்.

தையல்: பருத்தி நூலை விலக்கிப் பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலையே உபயோகித்தல் வேண்டும். பட்டையின் நிறத்துக்கு மாறான நிறமுள்ள நூலால் தைத்தால், அறுந்த தையல் உடனே கண்ணுக்குப் புலப்படும். குழாயைச் சுற்றிய துணி பாறையில் உராய்வதால், மூலைகளில் இரட்டைத் துணி தேவை. வெயிலில் நெடுநாள் கிடந்த நைலான் வலிமை இழக்கும். வெளுத்துப்போன பட்டையை மாற்றிவிட வேண்டும்.

மழைத்திரை: இது தொங்கும் புள்ளியிலிருந்து மேடைக்குக் கீழே வரை இறங்க வேண்டும். மழை வானத்திலிருந்து மட்டும் வருவதன்று. பாறையின் முகத்தில் வழிந்தும் வருகின்றது. படுக்கைத் துணியில் நீர் வடியச் சிறு துளைகள் அவசியம். மூடிய திரைக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும். காற்றோட்டமின்றி எரித்தல் உயிருக்கு ஆபத்தாகும்.

சோதனை

செய்து முடித்த மேடையை முதலில் மலைக்குக் கொண்டு செல்லலாகாது. உறுதியான உத்தரத்திலோ மரக்கிளையிலோ, தரைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் தொங்கவிட்டு, படுப்பவரின் எடையைப்போல் இரு மடங்கு மணல் மூட்டைகளைப் படிப்படியாக ஏற்றுதல் வேண்டும். இறக்கியபின் ஒவ்வொரு குழாயையும் சமதளத்தில் உருட்டிப் பார்த்தால், நிலையாக வளைந்திருப்பின் தெரிந்துவிடும். பின்னர் ஒரு மூலையில் மட்டும் அமர்ந்து பார்க்க வேண்டும். கவிழும் மேடை அப்போதே கவிழும். துணியையும் பட்டைகளையும் நீரில் நனைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தல் நலம். இறுதியாக, இருளில் தொங்கிக்கொண்டே மேடையைப் பூட்டிப் பழக வேண்டும். சுவரில் களைத்த கைகளுடன் செய்ய நேரும் வேலை அதுவே.

வகுப்பறையில்

இவ்விசைகளை மாணவர்களுக்குக் காட்டுவதற்கு மலை வேண்டுவதில்லை. ஒரு நூலின் ஒரு முனையை ஆணியிலும், மறுமுனையை 80 செ.மீ. தொலைவில் நிலையாகப் பிடித்த சுருள்வில் தராசிலும் கட்டி, நடுவில் 500 கிராம் எடையைத் தொங்கவிடுக. நூலின் நீளத்தைச் சரிசெய்து தொய்வு 10 செ.மீ. ஆக இருக்கும்போது தராசு சுமார் 1 கிலோகிராம் காட்டும், 5 செ.மீ. ஆக்கினால் சுமார் 2 கிலோகிராம் காட்டும். அரைக் கிலோகிராம் எடை எவ்வாறு இரண்டு கிலோகிராமாக இழுக்கின்றது என்னும் வினா மாணவர்களிடமிருந்தே எழும். அடுத்து, நான்கு மூங்கிற் குச்சிகளை மூலைகளில் நூலால் கட்டிச் சட்டமாக்கித் தள்ளிப் பார்த்தால் அது கோணுவதையும், துணியை இறுகக் கட்டியபின் கோணல் குறைவதையும் காணலாம்.

உயிரைத் தாங்குவது எது?

மேற்கூறிய யாவும் செவ்வனே செய்யப்பட்ட மேடையும் உறங்குவதற்கான இடமே அன்றி உயிரைத் தாங்கும் கருவி அன்று. படுத்திருப்பவர் இடுப்புவாரை அவிழ்ப்பதில்லை. அதிலிருந்து ஒரு கயிறு மேடையின் வளையத்துக்குச் செல்லாமல், பாறையில் பதித்த பிடிப்புகளுக்கே நேராகச் செல்கின்றது. அப்பிடிப்புகளும் ஒன்றுக்கு மேற்பட்டவையாக இருத்தல் வேண்டும். குழாய் முறிந்தாலும், தையல் பிரிந்தாலும், மேடை முழுவதுமே கழன்று வீழ்ந்தாலும், உறங்கியவர் விழித்தெழுந்து தம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பார். தம் கையால் மேடை செய்பவர் அது முறியாதென்று நம்பலாம். கயிற்றைக் கட்டும்போதோ, அது இன்றிரவே முறியும் என்று எண்ணியே கட்டுதல் வேண்டும்.