டெல்லிக்கு டூர் போறீங்களா? 'பாத்ரூம் எங்கே இருக்கு' என்பதையும் பிளானில் சேர்த்துக்கோங்க!

இந்தியா கேட் முன்னால் குடும்பத்தோடு போட்டோ எடுத்தாச்சு. வெயிலுக்கு ஐஸ்கிரீமும் ஆச்சு. அப்போது அம்மா, மகளின் காதோரம் வந்து மெல்லக் கேட்கிறார்: "இங்க பாத்ரூம் எங்கம்மா இருக்கும்?" மகள் சுற்றிலும் பார்க்கிறார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி, மரங்கள், அகலமான சாலை. விசாரிக்க ஒரு டீக்கடை கூட இல்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, அடுத்த இடத்துல பாத்துக்கலாம்" என்கிறார். அதற்குப் பிறகு அம்மா தண்ணீர் பாட்டிலைத் தொடுவதே இல்லை.

டெல்லி சுற்றுலா போய்வந்த பல குடும்பங்களுக்கு இது பழக்கமான காட்சி. ரயில் டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். இதை மட்டும் 'அங்க போய் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறோம். சாதாரண ஊரில் அது சரிப்பட்டு வரும். திட்டம் போட்டுக் கட்டிய புதுடெல்லியில் சரிப்பட்டு வராது. ஏன்?

பிளான் போட்டுக் கட்டிய ஊரில் ஏன் இந்தச் சிக்கல்?

1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் முன்னின்று வடிவமைத்த புதுடெல்லி, 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வைஸ்ராய் மாளிகை (இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை), அங்கிருந்து இந்தியா கேட் வரை சுமார் 3 கி.மீ. நீளும் ராஜபாதை, சுற்றிலும் பெரிய தோட்டத்தோடு அதிகாரிகளின் பங்களாக்கள். இதுதான் அந்தத் திட்டம்.

ஆட்சியின் பிரம்மாண்டத்தைக் காட்டத்தான் இந்த ஊர் கட்டப்பட்டது. ஊர்வலம் போகவும் அணிவகுப்பு நடக்கவும் ஏற்ற சாலைகள். நடந்து வந்து பார்க்கும் சாமானியருக்கு என்னென்ன தேவை என்பது அந்த வரைபடத்தில் முக்கிய இடம் பெறவில்லை. நம்மூர் கடைத்தெருவில் அவசரம் என்றால் ஹோட்டலிலோ பஸ் ஸ்டாண்டிலோ கேட்டுக்கொள்ளலாம். இங்கே சாலையின் இருபுறமும் அமைச்சக கட்டடங்கள், மதில் சுவர்கள், காவலுக்கு நிற்கும் வீரர்கள். கேட்பதற்கு ஆளே இல்லை.

இதை அரசே ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பரில் ராஜபாதை புதுப்பிக்கப்பட்டு, 'கர்தவ்ய பாதை' என்று பெயர் மாறியது. அப்போது வெளியான மத்திய அரசின் செய்திக்குறிப்பு, இந்தப் பகுதியில் பொதுக் கழிப்பறை, குடிநீர் போன்ற அடிப்படை வசதிகள் இல்லாததையும் புதுப்பிப்புக்கான காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. நகரம் திறக்கப்பட்டு 90 ஆண்டுகள் கழித்து, நாட்டின் மிகப் பிரபலமான சாலையின் நிலைமை அது.

இப்போ நிலைமை மாறிடுச்சா?

ஓரளவுக்கு. கர்தவ்ய பாதை ஓரத்தில் இப்போது கழிப்பறையோடு கூடிய வசதிக் கூடங்கள் இருக்கின்றன. ஆனால், அவை புல்வெளியின் நடுவே இடைவெளி விட்டு அமைந்தவை. கூட்டத்தில் சட்டென்று கண்ணில் படாது. வண்டியை விட்டு இறங்கியதுமே எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

தூய்மை இந்தியா திட்டத்தின் விதிகளில் ஒரு கணக்கு உண்டு. ஒரு நகரத்தை 'திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத நகரம்' என்று அறிவிக்க, வணிகப் பகுதிகளில் 1 கி.மீ. தூரத்துக்குள் பொதுக் கழிப்பறை இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு 1 கி.மீ. என்பது அரை மணி நேர நடை. ஐந்து வயதுக் குழந்தை அதுவரை தாங்காது.

எந்த இடத்தில் என்ன வசதி?

டெல்லி சுற்றுலாவில் ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இங்கே கழிப்பறைகள் பெரும்பாலும் ஏதோ ஒரு 'கேட்'டுக்கு உள்ளே இருக்கின்றன. அந்த கேட்டுக்கு டிக்கெட் உண்டு, நேரம் உண்டு, விடுமுறையும் உண்டு.

நினைவுச் சின்னங்கள்: செங்கோட்டை, குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை மூன்றிலும் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கழிப்பறை உண்டு. வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே போக முடியாது. அதனால் 'வரலைன்னாலும் போயிட்டு வந்துடு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை இங்கே அப்படியே கடைப்பிடிக்கலாம்.

மெட்ரோ: நிலையங்களில் கழிப்பறை இருக்கும். பல நிலையங்களில் அது டிக்கெட் கேட்டுக்கு வெளியே இருப்பதால், ரயில் ஏறுவதற்கு முன்போ, பயணம் முடிந்து வெளியே வந்த பிறகோ போவதுதான் வசதி. நடுவில் வெளியேறினால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

கன்னாட் பிளேஸ்: புதுடெல்லியில் ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் இடம் இதுதான். மதியச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொண்டால் குடும்பத்தோடு நிதானமாகப் போய்வரலாம்.

பங்ளா சாஹிப் குருத்வாரா: கன்னாட் பிளேஸிலிருந்து நடக்கும் தூரம்தான். 24 மணி நேரமும் திறந்திருக்கும். எந்த மதத்தவரும் போகலாம், கட்டணம் இல்லை. வளாகத்தில் கழிப்பறை, குடிநீர் இரண்டும் உண்டு. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

திங்கள்கிழமை கவனம்: செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில் ஆகியவை திங்கட்கிழமை மூடியிருக்கும். அவற்றை நம்பிப் போனால் கழிப்பறையும் இல்லை. அன்றைக்கு ஹுமாயூன் கல்லறை, குதுப்மினார் பக்கம் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கூகுள் மேப்ஸை நம்பலாமா?

நம்பலாம், கொஞ்சம் கவனத்தோடு. 2016 டிசம்பரில் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகமும் கூகுளும் சேர்ந்து, பொதுக் கழிப்பறைகளை மேப்ஸில் காட்டும் வசதியை டெல்லி வட்டாரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் முதலில் தொடங்கின. 'பப்ளிக் டாய்லெட்' அல்லது 'எஸ்பிஎம் டாய்லெட்' என்று தேடினால் பக்கத்தில் இருப்பவை வரும்.

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பட்டியலில் 'கம்யூனிட்டி டாய்லெட்' என்றும் சில வரும். அவை வீட்டில் கழிப்பறை இல்லாத குடிசைப் பகுதி மக்களுக்காகக் கட்டப்பட்டவை. சுற்றுலாப் பயணிகளுக்கானவை அல்ல. இரண்டு, நட்சத்திரக் குறியை மட்டும் பார்க்காமல் கடைசியாக யார், எப்போது கருத்து எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'பூட்டியிருக்கிறது', 'தண்ணீர் இல்லை' என்ற தகவல் அங்கேதான் இருக்கும்.

போன் சார்ஜ் இல்லையா? ஆட்டோக்காரரிடம் "சுலப் கிதர் ஹை?" என்று கேட்டால் போதும். பிந்தேஷ்வர் பாடக் 1970-ல் தொடங்கிய 'சுலப்' அமைப்பின் கட்டணக் கழிப்பிடங்கள் வட இந்தியா முழுக்கப் பரவியதால், 'சுலப்' என்றாலே பொதுக் கழிப்பறை என்று ஆகிவிட்டது. பலகையில் ஹிந்தி மட்டும் இருந்தால் 'புருஷ்' என்பது ஆண்கள், 'மஹிளா' என்பது பெண்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பாருங்கள். சில்லறை கையில் இருக்கட்டும்.

ஹோட்டலில் கேட்டால் விட்டே ஆகணுமா?

'1867-ம் ஆண்டு சராய் சட்டப்படி, எந்த ஹோட்டலிலும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம்' என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அந்தச் சட்டம் உண்மை. ஆனால் அது சத்திரம் நடத்துபவரின் கடமைகளாகச் சொல்வது வேறு: தொற்றுநோய் வந்தால் போலீஸுக்குத் தகவல் தர வேண்டும், அறைகளையும் கிணறு, வடிகால்களையும் சுத்தமாக வைக்க வேண்டும், காவலாள் போட வேண்டும், கட்டணப் பட்டியலை ஒட்ட வேண்டும். வழிப்போக்கர் எல்லோருக்கும் கழிப்பறை தர வேண்டும் என்று அதில் வரி இல்லை. எனவே அதைக் காட்டி ஹோட்டலில் சண்டை போட வேண்டாம்.

டெல்லியில் நிஜமாகவே ஒரு முயற்சி நடந்தது. 2017 ஏப்ரல் 1 முதல், தங்கள் பகுதியில் உள்ள ஹோட்டல், உணவகங்களின் கழிப்பறைகளைச் சாப்பிட வராதவர்களும் பயன்படுத்தலாம், அதிகபட்சம் 5 ரூபாய் வாங்கலாம் என்று அன்றைய தெற்கு டெல்லி மாநகராட்சி அறிவித்தது. அந்த மாநகராட்சியே 2022-ல் மற்ற இரண்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு நடைமுறையில் வேலை செய்வது மரியாதையாகக் கேட்பதுதான். வயதானவரோ குழந்தையோ கூட இருந்தால் பெரும்பாலும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள்.

பெட்ரோல் பங்க் இன்னொரு வழி. எண்ணெய் நிறுவனங்களின் விதிமுறைப்படி அங்கே கழிப்பறையும் குடிநீரும் இருக்க வேண்டும், கட்டணம் கூடாது.

யாருக்கு அதிக கஷ்டம்?

பெண்களுக்குத்தான். பல கட்டணக் கழிப்பிடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு இல்லை. பெண்கள் அதே தேவைக்குக் காசு கொடுத்தாக வேண்டும். அதைவிடப் பெரியது உடம்பு கொடுக்கும் விலை. கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். மே, ஜூனில் டெல்லி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீர் குடிக்காமல் சுற்றுவது ஆபத்தும்கூட.

'அப்போ டிசம்பர்ல போனா பிரச்சினை இல்லையே' என்று நினைக்க வேண்டாம். குளிரில் வியர்வை குறைந்து சிறுநீர் அதிகமாகப் போகும். சென்னை, மதுரை வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அந்தக் குளிரில் இது நன்றாகவே தெரியும். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், புரோஸ்டேட் பிரச்சினை உள்ள முதியவர்கள் கூட இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு கழிப்பறை என்று திட்டமிடுவது நல்லது. குத்துக்கால் போட்டு உட்கார முடியாதவர்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

திருநர்களுக்கு எந்தக் கதவுக்குள் போவது என்பதே பிரச்சினை. அவர்களுக்கென தனிக் கழிப்பறையை 2021-ல் சாஸ்திரி பவன் அருகே புதுடெல்லி நகராட்சி கவுன்சில் (என்டிஎம்சி) திறந்தது.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா நீதிமன்றங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்களுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு நீதிமன்ற வளாகங்களுக்கானது. ஆனால் முறையான கழிப்பறை வசதி, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று அதில் நீதிபதிகள் சொன்னது முக்கியமானது.

மோசமாக இருந்தால் யாரிடம் சொல்வது?

இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. கர்தவ்ய பாதை, கன்னாட் பிளேஸ் இருக்கும் பகுதி என்டிஎம்சி எல்லை. சாந்தினி சௌக், குதுப்மினார் பக்கம் டெல்லி மாநகராட்சி. நினைவுச் சின்னங்களுக்கு உள்ளே தொல்லியல் துறை. ஸ்டேஷனுக்குள் ரயில்வே அல்லது மெட்ரோ. யாருடைய எல்லை என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் 'ஸ்வச்சதா' செயலியில் போட்டோவோடு புகார் பதிவு செய்யலாம்.

ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இதையெல்லாம் யார் செய்வார்கள் என்று தோன்றும். குறைந்தபட்சம், பயன்படுத்திய கழிப்பறையைப் பற்றி மேப்ஸில் இரண்டு வரி எழுதிவிட்டு வாருங்கள்: தண்ணீர் வந்ததா, தாழ்ப்பாள் இருந்ததா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று. அடுத்த வாரம் அதே இடத்தில் ஓர் அம்மா கேட்கும்போது, "அதோ அந்தப் பக்கம் இருக்கும்மா, தண்ணியும் வருதாம்" என்று மகள் சொல்ல அது போதும்.