பௌதிகம் பழகுவோம் – 12: மட்டம் வேறு, உயரம் வேறு

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பிறகு பல ஆண்டுகள் போத்தல் விளக்கில்தான் படிப்பு. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் திரண்டபோது, உயர்தர மாணவர்களும் கொப்பிகளைச் சுமந்து வந்தார்கள். வீட்டில் மின்குமிழ் எரியாத அந்தக் காலத்திலும் நிலைமின்னியல் பாடத்திட்டத்தில் இருந்தது. படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள். இந்தப் பாடத்துக்குத் தாளும் பென்சிலும் போதும். ஆனால் படம் தெளிவாக இருக்க வேண்டும்.

பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: மின்புலம் பூச்சியமானால் மின்னழுத்தமும் பூச்சியம் என்ற எண்ணம். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்.

60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளி ஏற்றங்கள். ஒவ்வொன்றும் நேர் 3 மைக்ரோகூலோம். கூலோமின் மாறிலி 9×10⁹. ஒன்றையொன்று தள்ளும் விசை 0.225 நியூற்றன். இனி நடுப்புள்ளிக்கு வருவோம். இடப்பக்க ஏற்றம் வலப்புறம் தள்ளும்; வலப்பக்க ஏற்றம் அதே அளவில் இடப்புறம் தள்ளும். மின்புலச்செறிவு காவி என்பதால் இரண்டும் கழிந்து பூச்சியம். மின்னழுத்தம் எண்ணி, அதற்குத் திசை கிடையாது. 90,000உம் 90,000உம் கூடி 1,80,000 வோல்ற்று.

ஓர் ஏற்றத்தை மறையாக்குங்கள். மின்னழுத்தங்கள் கழிந்து பூச்சியம். புலங்களோ இப்போது ஒரே திசையில் சேர்ந்து, கூலோமுக்கு 6×10⁵ நியூற்றன்.

அந்த நடுப்புள்ளியில் நேர் 2 மைக்ரோகூலோம் ஏற்றம் ஒன்றை வைத்தால் வேறுபாடு கைக்குத் தெரியும். முதல் அமைப்பில் அதன்மேல் விசை இல்லை. ஆனால் முடிவிலியிலிருந்து அதை அங்கே கொண்டுவர 0.36 யூல் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டாவதில் நிகர வேலை எதுவும் இல்லை, வைத்ததும் 1.2 நியூற்றன் விசை மறை ஏற்றத்தின் பக்கம் இழுக்கும்.

இதை நிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தென்மராட்சி நிலமும் மட்டம், ஓட்டன் சமவெளியும் மட்டம். இங்கே கடல் எட்டும் தூரத்தில். அங்கே 2,000 மீற்றருக்கு மேலான உயரம். மாறாக, திருகோணமலைக் கோணேசர் பாறையின் அடிவாரம் கடல்மட்டம்தான், சரிவோ செங்குத்து. உயரம் மின்னழுத்தம், சரிவு மின்புலம். ஓரிடத்தின் உயரத்தை மட்டும் சொன்னால் அங்குள்ள சரிவை யாராலும் சொல்ல முடியாது. சுற்றியுள்ள உயரங்களும் தெரிய வேண்டும்.

ஆகவே கணக்கைத் தொட்டதும் சூத்திரத்துக்கு ஓடாதீர்கள். முதலில் ஏற்றங்களைக் குறியோடு வரையுங்கள். கேட்ட புள்ளியில் ஒரு நேர் ஏற்றம் இருப்பதாக எண்ணி, அது எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று அம்புக்குறி போடுங்கள். புலத்தைக் காணும்போது பருமனை மட்டும் கணித்து, திசையை அம்புக்குறியிடம் விடுங்கள். மின்னழுத்தத்தைக் காணும்போது அம்புக்குறியை மறந்து, ஏற்றத்தின் குறியை அப்படியே பிரதியிடுங்கள். முதலாவதில் தூரத்தின் வர்க்கம், இரண்டாவதில் தூரம் மட்டும். பல்தேர்வு வினாத்தாளில் 50 வினாவுக்கு 2 மணித்தியாலம். இந்தப் பழக்கம் அங்கே நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த வாரப் பயிற்சி: நேர் 4, மறை 1 மைக்ரோகூலோம் ஏற்றங்கள் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் உள்ளன. அவற்றை இணைக்கும் கோட்டையும் அதன் நீட்சியையும் பாருங்கள். முடிவிலியை விட்டால், மின்புலம் பூச்சியமாகும் புள்ளி ஒன்று. மின்னழுத்தம் பூச்சியமாகும் புள்ளிகள் இரண்டு. அவை எங்கே? விடை அடுத்த இதழில்.

(தொடரும்)