பவளத்திட்டும் கல்லெண்ணெயும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டிற்குப் புகைவண்டியிற் செல்வோர், வழியில் மதுக்கரையையும், அங்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களையும் நன்கறிவர். உலகிலுள்ள பெரிய எண்ணெய் நிலைகள் பல சுண்ணாம்புக் கல்லிலேயே அமைந்துள்ளன. அங்ஙனமாயின், பெட்ரோலியம் எனப்படும் கல்லெண்ணெய் மதுக்கரையிலும் கிடைக்குமோ என்னும் ஐயம் மாணவர் உள்ளத்தே எழுதல் இயல்பே. இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழமற்ற கடலில் வாழும் பவள உயிர்களும் சில பாசிகளும் நீரிற் கரைந்துள்ள சுண்ணத்தைக் கொண்டு கூடு சமைக்கின்றன. ஒரு தலைமுறையின் கூட்டின்மேல் மற்றொரு தலைமுறை கட்ட, பவளத்திட்டு உயர்கின்றது. சுற்றிலும் சிப்பிகளின் நொறுங்கல் படிந்து அகன்ற சுண்ணாம்பு மேடையாகின்றது. இவற்றிடையே எண்ணிறந்த துளைகள் உள. கடல் தாழ்ந்தகாலை மழைநீர் புகுந்து அத்துளைகளைப் பின்னும் பெருக்குவதுமுண்டு.

எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுவர், அது தவறு. ஆப்பத்தின் துளைகளில் தேங்காய்ப்பால் ஊறி நிற்பதுபோல், கல்லின் துளைகளிலேயே அது தங்குகின்றது. எனினும் அது பிறக்குமிடம் வேறு. நுண்ணுயிர்கள் மடிந்து சேறோடு புதைந்த களிப்படிவுகள், ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில் நெடுங்காலம் வெதும்ப, எண்ணெய் உண்டாகின்றது. நீரினும் இலேசாதலின் அது மேலேறிச் சென்று துளையுள்ள கல்லை அடைகின்றது. அக்கல்லின்மேல் களிப்பாறை மூடிபோல் அமையாவிடின் மேலும் கசிந்து வெளியேறிவிடும்.

இவையனைத்தும் ஒருங்கே பொருந்திய இடம் பம்பாய்க்கு மேற்கே, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடியிலுள்ளது. அங்கு 1974-இல் 'சாகர் சாம்ராட்' என்னும் துரப்பண மரக்கலம் எண்ணெய் கண்டது. 1976-இல் எடுக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முன் ஆழமற்ற கடலிற் படிந்த சுண்ணாம்பு மேடையே அவ்வெண்ணெயின் தலையாய கொள்கலம்.

இனி மதுக்கரைக்கு வருவோம். அங்குள்ள கல்லும் பண்டைக் கடலடியிற் படிந்ததே என்பர். ஆயின் அது 50 கோடி ஆண்டுகட்கும் முற்பட்டது. நிலத்தினுள் மிக ஆழத்திற் புதைந்து, பல நூறு பாகை வெப்பத்திலும் பேரழுத்தத்திலும் வெந்து பளிங்காயிற்று. உடைத்துப் பார்ப்பின் கற்கண்டுத்தூள் போல் மின்னும். துளைகள் அடைபட்டன, எண்ணெய் இருந்திருப்பினும் அவ்வெப்பத்தில் நில்லாது சிதைந்திருக்கும். ஆதலின் அங்கு எண்ணெய் தேடுதல் வீண்முயற்சியாம்.

வேகாத பவளக்கல்லைக் காண விரும்புவோர் திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கேயுள்ள கல்லக்குடிக்குச் செல்வாராக. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் அங்கு அலைவீசிய கடலின் பவளங்களும் பாசிகளும் கல்லுருவில் உள்ளன. அவையும் சிமெண்டின் பொருட்டு வெட்டப்பட்டு வருகின்றன; சூளையிலிட்ட கல் தன் வரலாற்றை மீண்டும் சொல்லாது. உரியோர் இசைவு பெற்று, கல்லக்குடிக்கல் ஒன்றும் மதுக்கரைக்கல் ஒன்றும் கொணர்ந்து நம் கல்லூரியில் அருகருகே வைப்போமாயின், பின்வரும் மாணவர் ஒரே பெயருடைய இரு கற்களின் வேறுபாட்டைக் கண்ணாலேயே கற்பர். கல்லின் பெயரைமட்டும் கேட்டுக் கிணறு தோண்டுவோன் பொருளிழப்பான். அதன் வரலாற்றையும் கேட்போனே நிலநூல் வல்லோனாவான்.