பழைய நோட்டுகளின் மதிப்பு

ஒரு நோட்டின் மதிப்பு அதன்மேல் அச்சிட்ட தொகையே என்று பொதுவாக எண்ணுகிறோம். அது கடைவீதியில் வழங்குமளவும் அவ்வெண்ணம் சரியே. வழக்கொழிந்தபின் சேகரிப்போர் அதனை வேறோர் அளவுகோலால் அளக்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோன்றிய தேசீய பாங்கிகள், 1935 வரை, தத்தம் ஊர்ப்பெயர் தாங்கிய நோட்டுகளை வெளியிட்டன. பெருநகரத்து நோட்டு இன்றும் எளிதிற் கிடைக்கும். சிற்றூர்ப் பாங்கியினதோ அரிது. ஆதலால் ஒரே தொகையுள்ள இரு தாள்களுள் ஒன்று மற்றதினும் பன்மடங்கு விலை பெறுதலுண்டு.

நம் நாட்டிலும் இதற்கொப்பான வரலாறு உண்டு. 1843-இல் நிறுவப்பெற்ற சென்னை பாங்கி தன் பெயரால் நோட்டு வெளியிட்டு வந்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அரசாங்கத்திற்கு ஆக்கிற்று. தேசம் பல நோட்டு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டத்து நோட்டு மற்றொன்றிற் சட்டப்படி செல்லாது. 1875-இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபின், அம்மையநாயக்கனூர் என முன்னர் வழங்கிய நம் கொடைரோடு நிலையத்தில் கல்கத்தா வட்டத்து நோட்டுடன் இறங்கிய பிரயாணியிடம் அதைப் பெற்றுக்கொள்ள எவ்வணிகரும் கடமைப்பட்டிலர். 1903-இல் ஐந்து ரூபாய் நோட்டும், 1910-இல் பத்தும் ஐம்பதும், 1911-இல் நூறும் பொதுவாயின.

தபாலிற் களவுபோகுமென்றஞ்சி, அக்காலத்தார் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்தபின்னரே மறுபாதியை அனுப்புவர். அவ்வாறு ஒட்டிய நோட்டினும் வெட்டுப்படாத நோட்டிற்கே இன்று விலை மிகுதி.

முதல் உலக யுத்தகாலத்தில் சில்லறைத் தட்டுப்பாட்டால் 1917, நவம்பர் 30-இல் ஒரு ரூபாய் நோட்டும், அதனைத் தொடர்ந்து இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வெளிவந்தன. 1926, ஜனவரி 1-இல் இரண்டும் நிறுத்தப்பட்டன. எட்டணா சேர்ந்த அவ்விசித்திரத் தொகையை விரும்பித் தேடுவோர் பலர். அதன் வரிசையெண்ணோடு காணும் எழுத்து வட்டத்தைக் குறிக்கும்.

எனவே மதிப்பைத் தருவது பழமை மட்டுமன்று. அருமை, தாளின் நிலை, விரும்புவோர் தொகை ஆகிய மூன்றுமேயாம். நூறாண்டு கடந்ததாயினும் ஏராளமாகக் கிடைப்பது மலிவே.

நம் இல்லத்துப் பெட்டியில் இத்தகைய தாள் அகப்படின், அதைக் கழுவுதலும், இஸ்திரியிடுதலும், பசையொட்டுதலும் தகா; அவை மதிப்பைக் கெடுக்கும். பழைய நோட்டிற்கு இலட்சங்கள் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரையும் நம்பலாகாது. தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்போரைக் குறித்து ரிசர்வ் பாங்கியே 1921-இலன்று, நம் காலத்தில், 2021-இல் எச்சரித்துள்ளது. அறிந்தார் இருவரிடமேனும் காட்டி விலை தேறுதலே விவேகம்.