எண்ணெய்ப் போத்தலுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் பயணித்தவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகைகள் பழக்கமானவை. மூலிகைத் தோட்டம், வாசனைத் திரவியத் தோட்டம் என்று வரிசையாக நிற்கும். உள்ளே போனால் மிளகுக் கொடி, கொக்கோ, சாதிக்காய் மரம் எல்லாம் காட்டுவார்கள். சுற்றி முடித்ததும் எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய மேசை வரும். முடி வளர்க்கும் எண்ணெயும் அங்கே இருக்கும். வெளிநாட்டுப் பயணிகள் மட்டுமல்ல, இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நம் பெண்களும் கைக்காசைச் சேர்த்து இப்படியான எண்ணெய் வாங்குகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது எண்ணெய் அல்ல. அந்தப் போத்தல் முடியும்வரை முடி ஏன் கொட்டுகிறது என்று யாரும் பார்க்காமல் இருப்பதுதான்.

மூன்று மாதக் கணக்கு

தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளரும், பிறகு ஏறத்தாழ 3 மாதம் ஓய்ந்திருந்து உதிரும். அந்த இடத்தில் புதியது முளைக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது வழமையானதே.

பிள்ளைப்பேறு, டெங்கு போன்ற கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, திடீரெனச் சாப்பாட்டைக் குறைப்பது, இவற்றில் ஏதாவது நடந்தால் வளரவேண்டிய முடிகள் பல ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். அவை கொட்டத் தொடங்குவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சல் வந்ததே மறந்துபோயிருக்கும். சீப்பில் கற்றையாக வருவதைக் கண்டு பயந்து எண்ணெய் வாங்குகிறோம். காரணம் நீங்கியிருந்தால் அடுத்த ஆறு மாதத்தில் முடி தானாகவே திரும்பும். பெயர் மட்டும் எண்ணெய்க்குப் போய்விடும். பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பழைய முடி வந்துவிடும்.

எண்ணெய் எதைச் செய்கிறது

தேங்காயெண்ணெய் வீண் அல்ல. அது முடிக்குள் ஊறி, கழுவும்போதும் சீவும்போதும் முடியின் புரதம் இழந்துபோவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. முடி முறிவது குறைந்தால் நீளமாகத் தெரியும். ஆனால் அது வேரிலிருந்து புதிதாக முளைப்பதாகாது. கரிசலாங்கண்ணி எலிகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் அதே அளவுக்கு உறுதியான சான்று இல்லை. ரோஸ்மேரி எண்ணெயை 2015இல் ஈரானில் 100 ஆண்களிடம், வழுக்கைக்குத் தடவும் மினொக்சிடில் மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பலன் தெரிந்தது ஆறாவது மாதத்தில்தான். மூன்றாவது மாதத்தில் இரண்டிலுமே சொல்லும்படி மாற்றம் இல்லை. ஒரு மாதத்தில் முடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்றிமீற்றர்தான் வளரும்.

வீட்டில் கறிவேப்பிலை, நெல்லிக்காய், செவ்வரத்தம்பூ போட்டுக் காய்ச்சுபவர்கள், சடசடவென்ற சத்தம் அடங்கும்வரை மெல்லிய நெருப்பில் விடுங்கள். நீர் மிஞ்சினால் எண்ணெய் கெட்டுவிடும். புதிய எண்ணெய் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பாருங்கள். பொடுகு இருந்தால் எண்ணெயைக் குறையுங்கள். பொடுகோடு தொடர்புடைய பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி.

வட்டமாக வழுக்கை விழுந்தால்

காசளவு வட்டத்தில் வழவழப்பாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழு ஏதும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. அந்த இடத்தில் பூண்டையும் மிளகையும் அரைத்துத் தேய்த்தால் தோல் வெந்து புண்ணாகும். பிள்ளைகளின் தலையில் செதிலும் அரிப்புமாக வட்டம் வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும். எண்ணெயால் மாறாது, ஒரே சீப்பால் அண்ணன் தம்பிக்கும் பரவும்.

சாயத்தண்ணியும் இரும்புச் சத்தும்

தலை முழுக்க முடி ஐதாகிக்கொண்டே போகும் பெண்ணிடம் நான் முதலில் கேட்பது மாதவிடாய் எப்படி, மலையேறினால் மூச்சு வாங்குகிறதா, என்ன சாப்பிடுகிறாய் என்பவைதான். இரும்புச் சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் முடி கொட்டுவதற்குத் தெரிந்த காரணங்கள். காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சூடான சாயத்தண்ணி. இது லயத்து வழக்கம். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ளாதபடி தேயிலையின் துவர்ப்புத் தடுக்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் பாதிக்கும் மேல் வீணாகலாம். தேநீரை விடச் சொல்லவில்லை, தேயிலை விளையும் மண்ணில் அது நடக்கிற காரியமும் அல்ல. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். முருங்கைக் கீரை, வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். இரும்பு நன்றாகச் சேரும். நெத்தலி ஒரு பிடி கிடைத்தால் இன்னும் நல்லது.

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரோடு போடுங்கள். எண்ணெய் வாங்க வைத்த காசு அப்படியே இருக்கட்டும். முதலில் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், தைரொயிட்டையும் சேர்த்து. ஹீமோகுளோபின் சரி என்று வந்தாலும், உடலில் சேமித்து வைத்த இரும்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள்.