பிராட்மேன் அடங்காத அட்டை

திருமுல்லைவாயலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அவருடைய மகன், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இறந்து பல வருஷமான அமெரிக்க பேஸ்பால் வீரர்களைத் தன் அணிக்குத் தேர்ந்தெடுக்கிறானாம். எட்டு நண்பர்கள், எட்டு அணிகள். பேப் ரூத் யாருக்கு என்று போனில் நீண்ட விவாதம் நடக்கிறதாம். “இது சூதாட்டமா? இல்லை, இதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?” என்று கேட்கிறார்.

விஷயம் இருக்கிறது. சூதாட்டம் பற்றிய பயமும் நியாயமானதுதான். நாளைய மேட்சில் யார் அடிப்பார் என்று பணம் கட்டும் இணைய ஆட்டங்கள் பல குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. ஆனால் உங்கள் மகன் ஆடுவது வேறு வகை. அதில் நாளைய மேட்சுக்கு வேலையே இல்லை. முடிந்துபோன ஆட்டங்களின் கணக்கை வைத்து, ஒருவரையொருவர் நேரில் பார்த்தே இராத வீரர்களை மோதவிடுவது அது.

நம் பிள்ளைகளும் இதை ஆடியவர்கள்தான். ஆவடியில் நான் படித்த பள்ளியில் கடைசி பெஞ்சில் புக் கிரிக்கெட் நடக்காத நாளே கிடையாது. புத்தகத்தைத் திறந்தால் இடது பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். 8 வந்தால் சில பள்ளிகளில் ஒரு ரன், சிலவற்றில் நோ-பால். கோனார் தமிழ் உரை தடிமனாக இருப்பதால் அதற்குத்தான் கிராக்கி. பைண்டிங் மடிந்து, 6 வரும் பக்கத்திலேயே விரிந்துகொள்ளும் புத்தகத்தை எதிரணிக்காரன் வாங்கிப் பார்த்துத் தள்ளிவிடுவான். நோட்டின் பின்பக்கத்தில் கவாஸ்கர், விஸ்வநாத், ரிச்சர்ட்ஸ், லாய்ட் என்று ஆளுக்கொரு அணி எழுதியிருக்கும்.

அந்த ஆட்டத்தில் ஒரு பெரிய குறை உண்டு. இடது பக்கத்தில் 0, 2, 4, 6, 8 ஐந்துக்கும் சம வாய்ப்பு. ஒரு முறை அவுட் ஆவதற்குள் மற்ற நான்கும் சராசரியாக ஒவ்வொரு முறை வரும். 8-க்கு ஒரு ரன் என்றால் 2 + 4 + 6 + 1 = 13. ஆக, யார் இறங்கினாலும் சராசரி 13தான். டெஸ்டில் 99.94 வைத்திருந்த பிராட்மேனுக்கும் 13, 4.07 வைத்திருந்த பகவத் சந்திரசேகருக்கும் 13. பெயர் மட்டும்தான் வீரருடையது.

பேஸ்பாலில் இதே குறையைத் தீர்க்க முயன்றவர்களில் ஒருவர் நியூயார்க் பக்கத்து கிரேட் நெக் ஊர்ச் சிறுவன் ஹால் ரிச்மன். அப்போது கடைகளில் விற்ற பேஸ்பால் பலகை ஆட்டத்தில் கணக்கு சரியாக வரவில்லை என்று, 11 வயதில் தாயக்கட்டைகளை உருட்டி உருட்டி வருவதை எழுதி வைக்க ஆரம்பித்தார். 1961-ல் அதை ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பத்து வருஷம் முன்பே, 1951-ல், பென்சில்வேனியாவில் ‘ஆப்பா’ என்ற ஆட்டம் வந்துவிட்டது. இரண்டிலும் ஒவ்வொரு வீரருக்கும் தனி அட்டை உண்டு. அவர் நிஜத்தில் எத்தனை முறை அடித்தார், எத்தனை முறை அவுட்டானார் என்பதற்கேற்ப அட்டையில் விடைகள் நிரப்பப்பட்டிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரிச்மனின் ஒரு யுக்தி. மூன்று கட்டைகள். வெள்ளைக் கட்டையில் 1, 2, 3 விழுந்தால் விடையை அடிப்பவரின் அட்டையில் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்தெறிபவரின் அட்டையில். மற்ற இரண்டு கட்டைகளின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். மூன்றும் மொத்தம் 216 விதமாக விழலாம். பாதி இவருக்கு, பாதி அவருக்கு. அதாவது நடந்ததற்கு இருவரும் சரிபாதிப் பொறுப்பு.

இதில்தான் சூட்சுமம். அடிப்பவரின் நிஜக் கணக்கை அட்டையில் அப்படியே எழுதினால் ஆட்டம் தப்பாகிவிடும். கிரிக்கெட்டாக மாற்றிச் சொல்கிறேன். ஒரு பேட்ஸ்மேன் 100 பந்துக்கு 2 முறை அவுட்டாகிறார். அந்தக் காலத்துப் பொதுச் சராசரி 3 முறை என்று வைத்துக்கொள்வோம். அவர் அட்டையில் 2 என்று எழுதினால், பாதி நேரம் பவுலரின் அட்டைக்குப் போய் 3 என்ற கணக்கில் சிக்குவார். கடைசியில் இரண்டரையாக நிற்கும். ஆகவே அவர் அட்டையில் 1 என்றுதான் எழுத வேண்டும். ஒன்றும் மூன்றும் கூடிப் பாதியானால் இரண்டு. எங்கள் வீட்டில் அப்பா காபி போடுவது இந்தக் கணக்குதான்: பாதிக்குப் பாதி பால் விழப்போகிறது என்று தெரிந்துதான் டிகாஷனைத் தனியாகக் குடிக்க முடியாத கசப்பில் இறக்குவார். நல்ல ஆட்டக்காரரின் அட்டை அவரைவிட நல்லதாகவும், சுமாரானவரின் அட்டை அவரைவிட மோசமாகவும் இருந்தால்தான் இருவரும் களத்தில் அவரவராக நடப்பார்கள்.

இப்போது இதே சூத்திரத்தில் பிராட்மேனைப் போட்டுப் பாருங்கள். சராசரி 99.94 என்றால் ஏறத்தாழ 100 ரன்னுக்கு ஒரு அவுட். அவர் காலத்து மற்ற பேட்ஸ்மேன்களுக்கு 33 ரன்னுக்கு ஒரு அவுட் என்று கொண்டால் 100 ரன்னுக்கு மூன்று. மூன்றோடு எதைக் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்று வரும்? கழித்தல் ஒன்று. அவர் அட்டையில் ‘அவுட்’ என்ற சொல்லே இல்லாமல் விட்டாலும் போதாது. அவுட்டுக்குக் கீழே ஏதோ ஒன்றை எழுத வேண்டும். பாதிக்குப் பாதி என்ற விதியைத் தளர்த்தினால் ஒழிய அந்த மனிதரை அட்டையில் அடக்கவே முடியாது. 99.94 என்ற எண்ணை எத்தனையோ தடவை படித்திருப்போம். அது எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

இனி ஆள் எடுப்பது, அதாவது டிராஃப்ட். பெரும்பாலும் பாம்பு வரிசை. முதல் சுற்றில் ஒன்று முதல் எட்டு வரை போனால், அடுத்த சுற்றில் எட்டிலிருந்து திரும்பி வரும். முதலில் எடுத்தவர் மறுபடி எடுப்பது பதினாறாவதாக. பேப் ரூத்தை எடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. அதற்குள் நல்ல கேட்சர்கள் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) போய்விடுவார்கள். வெளிவட்டத்தில் அடித்து ஆடும் சூரர்கள் ஏராளம். கேட்சராக நின்றுகொண்டு அப்படி அடித்தவர்கள் சிலர்தான். பெயரைவிட அந்த இடத்துக்கு எத்தனை பேர் மிச்சம் என்பதுதான் கணக்கு. அதோடு, எந்த வருஷத்து ரூத் என்ற கேள்வியும் உண்டு. 1927-ல் 60 ஹோம் ரன் அடித்த ரூத்தா, 1916-ல் பந்தெறிந்து 23 ஆட்டங்களை வென்ற ரூத்தா? உங்கள் மகனின் நீண்ட விவாதம் இதைப் பற்றித்தான் இருக்கும்.

இத்தனையும் நிற்பது ஒரே அஸ்திவாரத்தில்: யாரோ ஒருவர் ஆட்டத்தைப் பார்த்து எழுதிவைத்த காகிதம். பேஸ்பாலின் ஸ்கோர் அட்டைக்கு வடிவம் கொடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். நம் ஆட்டத்தின் கணக்குமுறைதான் அங்கே போய் வேர்விட்டது. 1989-ல் டேவிட் ஸ்மித் என்ற உயிரியல் பேராசிரியர் ‘ரெட்ரோஷீட்’ என்ற அமைப்பைத் தொடங்கி, பழைய ஆட்டங்களின் குறிப்புகளைத் தேடிச் சேர்த்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். வேலை முழுக்கத் தன்னார்வலர்களுடையது.

காகிதம் இல்லாதவர்களுக்கு என்ன கதி என்பதற்கு ஜாஷ் கிப்சன் சாட்சி. கறுப்பர் என்பதால் பெரிய லீகில் ஆட விடப்படாத கேட்சர். 1947 ஜனவரியில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்தார். கறுப்பர் லீக் ஆட்டங்களின் விவரங்களை ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களில் துழாவிச் சேர்த்தார்கள். 2009-லேயே ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அந்த வீரர்களுக்கு அட்டை வெளியிட்டுவிட்டது. பெரிய லீகின் அதிகாரபூர்வக் கணக்கில் அவை சேர்ந்தது 2024 மே மாதம். அன்று கிப்சனின் .372, அதுவரை முன்னணியில் இருந்த டை காப்பின் .367-ஐத் தாண்டி வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தது. லீக் நிர்வாகத்துக்கு முன்னால் தாயக்கட்டைக்காரர்கள் நியாயம் செய்திருக்கிறார்கள்.

நாமும் தமிழ்நாட்டு வீரர்களை மட்டும் வைத்து ஒரு டிராஃப்ட் நடத்தலாமே என்று ஆசை வருகிறது. அஸ்வின் முதலில் போவார். 537 டெஸ்ட் விக்கெட், 6 சதம். வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156 விக்கெட். ஸ்ரீகாந்துக்கு ஒருநாள் போட்டி அட்டை சுலபம், 146 ஆட்டங்களின் கணக்கு கையில் இருக்கிறது. வி.வி.குமாரிடம் வரும்போது தடுமாற்றம் ஆரம்பிக்கிறது. முதல் டெஸ்ட் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட் எடுத்தவருக்குக் கிடைத்தவை இரண்டே டெஸ்ட். அதை வைத்து அட்டை செய்தால் பொய்யாகிவிடும். ஏ.ஜி.ராம்சிங்குக்கு அதுவும் இல்லை. 1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் தொடங்கிய முதல் ரஞ்சி ஆட்டத்தில் மைசூரை ஒரே நாளில் வீழ்த்தியது சென்னை. 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தவர் அவர். அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட ஆடவில்லை. அந்தக் காலத்து ஸ்கோர் அட்டைகளில் யார் எத்தனை பந்து சந்தித்தார் என்பது பெரும்பாலும் இருக்காது. அவருடைய பேட்டிங் அட்டையை எதை வைத்து நிரப்புவது?

ரஞ்சிக்கே இந்த நிலை என்றால் நம் பக்கத்து ஆட்டங்களைச் சொல்லவே வேண்டாம். ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலை அணிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிய காலத்தில் ஸ்கோரர் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளியோ எண்ணோ. மெய்டன் ஓவர் என்றால் ஆறு புள்ளிகளையும் கோடிட்டு இணைத்து ‘எம்’ ஆக்குவார். அதில் விக்கெட் விழுந்திருந்தால் ‘டபிள்யூ’. அந்த ஒரு பக்கம் இருந்தால் ஆட்டத்தைப் பந்துக்குப் பந்து திரும்ப நடத்தலாம். எனக்குத் தெரிந்த ஓர் அணியின் ஸ்கோர் புத்தகங்கள் அறை காலி செய்தபோது எடைக்குப் போயின. கோப்பைகளைப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில், பழைய லீக் ஸ்கோர் புத்தகம் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் வெளிச்சத்தில் படமெடுங்கள். தேதி, மைதானம், இரண்டு அணிகளின் பெயர், வீரர்களின் முழுப்பெயர், இந்த நான்கையும் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு இந்த வாரமே எழுதிச் சேருங்கள்.