தையல் பிரித்த பிறகு

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கு முதல் வாரம் கிடைக்கும் அறிவுரை, 'அசையாமல் படு, தையல் விட்டுவிடும்' என்பது. தையல் பிரித்த மறுவாரமே அது தலைகீழாகிவிடும்: 'வயிறு தொங்கிப்போகும், கபாலபாதி ஆரம்பி.' இரண்டுமே தப்பு. காயம் என்பது கண்ணுக்குத் தெரியும் தோல்தான் என்ற ஒரே எண்ணத்தில் பிறந்த தப்பு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். கர்ப்பப்பை, பித்தப்பை, குடல்வால் ஆபரேஷன்களையும் சேர்த்துக்கொண்டால், இந்த அறிவுரைகளைக் கேட்காத வீடு குறைவு.

தோல் தையலைப் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் பிரித்துவிடுகிறார்கள். அதன் கீழே, வயிற்றுத் தசைகளை இழுத்துப் பிடித்திருக்கும் கெட்டியான வெள்ளைப் படலத்தைத் தைத்த நூல் உள்ளேயேதான் இருக்கிறது. அது கரைய மாதக்கணக்காகும். மூன்றாவது வாரத்தில் காயத்துக்குப் பழைய வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட வந்திருக்காது. மூன்று மாதம் போனாலும் சுமார் 80 சதவீதத்தோடு நின்றுவிடும். நடுவயிற்றில் நீளமாகத் திறந்து செய்த ஆபரேஷன்களில் பத்தில் ஒருவருக்காவது பின்னாளில் அந்த இடத்தில் குடலிறக்கம் வருகிறது. ஆகவே, எது எளிய யோகா என்பதை உடம்பு எவ்வளவு வளைகிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. வயிற்றுக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதே அளவுகோல். பார்ப்பதற்கு உட்கார்ந்த இடத்திலேயே செய்வதுபோல் இருந்தாலும், வயிற்றை வெட்டி வெட்டி இழுக்கும் கபாலபாதி இந்தக் கணக்கில் கடினமான பயிற்சி. பஸ்திரிகா, நௌலி, நாவாசனம், தனுராசனம் எல்லாம் அதே வரிசை.

அப்படியானால் படுத்தே கிடப்பதுதான் பத்திரம் அல்லவா என்று கேட்கலாம். இல்லை. ஆரோக்கியமானவர்களின் வயிற்று அழுத்தத்தை அளந்து 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ரத்த அழுத்தம் பார்க்கும் அதே அலகில், மல்லாந்து படுக்கையில் சுமார் 2, நிற்கையில் 20, நின்றபடி இருமினால் 100க்கும் மேல் என்று காட்டியது. படுக்கையில் அழுத்தம் குறைவுதான்; ஆனால் அசையாமல் கிடப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. அங்கே சளி தேங்கும், சளி இருமலைக் கொண்டுவரும். தையலுக்குப் பயந்து படுத்தவர், தையலுக்கு ஆகவே ஆகாத இருமலைத்தான் வரவழைத்துக்கொள்கிறார். கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து தனி.

சளி தேங்காமல் தடுக்கும் மூச்சுப் பயிற்சிக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆபரேஷனுக்கு முன்பே ஒரே ஒரு முறை பிசியோதெரபிஸ்டிடம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி கற்றுக்கொண்டவர்களுக்கு, நுரையீரல் சிக்கல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நம் வார்டுகளில் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியும் இதற்குத்தான். பலர் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்.

'அது பிசியோதெரபி, இதில் யோகா எங்கே வந்தது?' நியாயமான கேள்வி. ஆபரேஷனுக்குப் பிந்தைய யோகாவுக்கென்று இதே அளவு ஆதாரம் இருக்கிறது என்று சொன்னால் அது மிகை. ஆனால் செயலைப் பாருங்கள். சவாசனம் முடிந்ததும் சட்டென்று நிமிர விடமாட்டார்கள். முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, கையை ஊன்றித்தான் எழச் சொல்வார்கள். வயிற்றில் ஆபரேஷன் ஆனவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான். யோகா கூடுதலாகத் தருவது நிதானத்தையும் மூச்சின் மேல் கவனத்தையும். வலிக்குப் பயந்து மேல்மூச்சாக வாங்குபவருக்கு அது சின்ன உதவி இல்லை.

முதல் வாரங்களுக்கு இவ்வளவு போதும்: வலிக்காத ஆழத்துக்கு மூச்சு, கணுக்காலை முன்னும் பின்னும் அசைப்பது, தோளைச் சுழற்றுவது, வீட்டுக்குள் நடை. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். குனிவதும் முறுக்குவதும் ஆறு வாரத்துக்குப் பிறகு, அதுவும் சர்ஜன் பார்த்துச் சரி என்ற பின்பு. துளை போட்டுச் செய்ததுதானே என்று அவசரப்படுபவர்கள், தொப்புள் துளையிலும் குடலிறக்கம் வரும் என்பதை நினைவில் வைக்கட்டும். காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, புதிதாகப் புடைப்பு, ஒரு கால் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யோகா வகுப்பில் சேரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். அதைப் படித்துப் பார்க்காமல் பாய் விரிக்கச் சொல்லும் ஆசிரியரிடம் சேராதீர்கள்.